தம்பிரானின் குறையுள்ள தோழர்

திருப்பூரிலிருந்து அவினாசி செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டியைத் தாண்டுகிறவர்களின் காதில் உளிச் சத்தம் விழாமல் போகாது. இப்போது கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஊரில் சிற்பக் கூடங்கள் பல. சாமி சிலை வடிக்குமுன் கல்லைத் தட்டி ஓசை பார்ப்பது சிற்பிகளின் வழக்கம். நாதம் சரியில்லையென்றால் அந்தக் கல் சாமிக்கு ஆகாது. வேலை முடியும் தறுவாயில் விரல் நுனி ஒன்று தெறித்துவிட்டாலும் போயிற்று. அத்தனை நாள் பாடும் வீண். மூளிச் சிலைக்குப் பூசை கிடையாது.

கல்லுக்கு இந்தச் சட்டம் சரிதான். ஆனால் மனிதருக்கும் இதையே அல்லவா வைத்திருக்கிறோம்! வரப்போகிற மருமகளிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், பெற்ற பிள்ளையிடம்கூட எங்கே விரல் நுனி தெறித்திருக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே பூண்டியின் கோவிலில் மாசித் திருவிழாவில் கொண்டாடப்படுவது ஒரு குறையுமற்ற மகானின் கதை அல்ல. வேடுபறி என்ற அந்த விழாவின் நாயகர் சுந்தரமூர்த்தி நாயனார்.

சேரமான் பெருமாளிடம் விடைபெற்று, அவர் தந்த பொன்னும் பட்டும் சுமைசுமையாக வர, கொங்கு நாட்டு வழியே திரும்பிக்கொண்டிருந்தார் சுந்தரர். பூண்டி அருகே சிவனுடைய பூதகணங்கள் வேடர் உருவில் வந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டன. சுந்தரர் என்ன செய்தார்? "எல்லாம் மாயை" என்று கையை உதறிவிட்டு நடந்தாரா? இல்லை. நேரே கோவிலுக்குள் போனார். வழிப்பறிக்காரர் திரியும் இந்த ஊரில் உமக்கென்ன குடியிருப்பு என்று ஆண்டவனிடமே சண்டை பிடித்துப் பதிகம் பாடினார். பொருளும் திரும்பி வந்தது.

இது சின்னச் சங்கதி. திருவொற்றியூரில் நடந்தது பெரியது. சங்கிலியாரை மணக்க வேண்டுமானால், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தாக வேண்டும். அதிலும் ஒரு தந்திரம் பண்ணினார் சுந்தரர். சன்னிதியில் சத்தியம் செய்தால் தப்ப முடியாதே என்று, அந்த நேரத்தில் மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனை வேண்டிக்கொண்டார். தோழரோ இவரையும் விஞ்சியவர்! சத்தியத்தை மகிழடியிலேயே கேள் என்று சங்கிலியார் கனவில் சொல்லிவிட்டார். சுந்தரர் அகப்பட்டுக்கொண்டார். வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவும் வந்தது. சொன்ன சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. பாடிப் பாடி, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார்.

12-ம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இதையெல்லாம் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. காவியத்துக்கே இவரைத்தான் நாயகராக வைத்தார். சுந்தரர் மட்டும் என்ன? தாம் வணங்கும் அடியார்களை வரிசைப்படுத்திய திருத்தொண்டத்தொகையில், சூதாடி வென்ற பொருளைக் கொண்டு அடியார்களுக்கு அன்னமிட்ட மூர்க்க நாயனாரையும் சேர்த்தே பாடினார்.

கோவையை அடுத்த பேரூரிலும் ஒரு கதை உண்டு. 18-ம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் பாடிய பேரூர்ப் புராணம் இத்தலத்தின் பெருமைகளைச் சொல்லும். சுந்தரரோடு விளையாட நினைத்த பட்டீசுவரர், அம்மையோடு உழவர் வேடம் பூண்டு நாற்று நடப் போய்விட்டார். போகுமுன், சுந்தரன் வந்து கேட்டால் காட்டிக்கொடுக்காதே என்று நந்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். சுந்தரர் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் நந்திக்கு மனம் கேட்கவில்லை. வயல் பக்கம் கண்ணால் ஜாடை காட்டிவிட்டார். ஐயன் மண்வெட்டியால் அடித்த அடியில் தாடை சிதைந்தது.

அதற்காக நந்தியை நீக்கிவிட்டு வேறொருவரை வைத்ததாகக் கதை சொல்லவில்லை. சன்னிதிக்கு எதிரே அவர் இடம் அவருக்கே. பிரதோஷ நாளில் நந்தியின் காதில் வேண்டுதலைக் கிசுகிசுப்பது சிவன் கோவில்களில் வழக்கம். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று பேரூர்க்காரர்களுக்குத் தெரியாதா என்ன! தெரிந்துதான் சொல்கிறார்கள்.