பாதி மண்ணில், பாதி காற்றில்

லண்டன் அலுவலகக் கட்டடத்துக்குக் குளிர்காலத்தில் சூடு வேண்டும், கோடையில் குளிர்ச்சி வேண்டும். கேஸ் பாய்லரை அப்புறப்படுத்திவிட்டு இப்போது அங்கே வைப்பது ஹீட் பம்ப். பிரிட்ஜின் பின்பக்கம் தொட்டால் சுடுமே, அதே வித்தைதான்: குளிர்ந்த இடத்து வெப்பத்தை இழுத்து, கம்ப்ரஸரில் அழுத்தி, வேண்டிய இடத்தில் விடுவது. 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் வெப்பம் தேறும். சூரிச் நகரமன்றக் கட்டடம் 1938-லேயே லிம்மாட் ஆற்று நீரிலிருந்து இப்படிச் சூடு எடுத்தது.

எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கல். காற்றென்றால் மலிவு, மொட்டைமாடியில் பெட்டிகளை வைத்தால் முடிந்தது. ஆனால் சூடு அதிகம் தேவைப்படும் நாளில்தான் காற்று நன்றாகக் குளிர்ந்து கிடக்கும். 2, 3 டிகிரி ஈரக்காற்றில் வெளிப்பெட்டியின் தகடுகள்மேல் பனி படிந்து காற்றோட்டத்தை அடைக்கும். அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் தலைகீழாக ஓடும். கட்டடத்துக்குக் கொடுத்த சூட்டையே அப்போது திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

மண்ணில் அந்தத் தொல்லை இல்லை. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 டிகிரிதான். 100, 150 மீட்டருக்குப் போர் போட்டு, அடியில் வளைந்து மேலேறும் பிளாஸ்டிக் குழாயை இறக்கி, தண்ணீரைச் சுற்றவிடுவார்கள். போர் செலவுதான் மலைக்க வைக்கும்.

கடுங்குளிரோ ஆண்டில் சில நாள்தான். அதற்காக முழு அளவுக்குப் போர் போடுவது வீண். உச்சத் தேவையில் பாதியைத் தாங்கும் போர்களே ஆண்டுத் தேவையின் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்து வைக்கலாம்: மிதமான நாளில் காற்றுப் பெட்டி ஓடட்டும், மண்ணுக்கு ஓய்வு. உறைபனி நாளில் மண் முன்னால், காற்று துணைக்கு.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். எடுக்கும் சூட்டைத் திருப்பித் தராவிட்டால் மண் ஆண்டுக்காண்டு குளிர்ந்துகொண்டே போகும். கோடையில் அறைகளிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கீழே அனுப்புவது அதற்காகத்தான். போதாவிட்டால் காற்றுப் பெட்டியே வெயில்காலச் சூட்டை எடுத்து மண்ணில் ஏற்றும். கம்ப்யூட்டர்கள் நிறைந்த கட்டடத்தில் கதை தலைகீழ்: மண் சூடேறும், மிச்சத்தைக் காற்றுப் பெட்டி வெளியே தள்ள வேண்டும்.

ஆகவே ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் தேவையைக் கணக்கிட்ட பிறகே போர்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். ஒரு சோதனைப் போரில் இரண்டு மூன்று நாள் வெந்நீரைச் சுற்றவிட்டு, மண் எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். போர்களைக் கட்டடத்துக்கு அடியிலேயே போடுவதானால், இவ்வளவும் அஸ்திவாரத்துக்கு முன்பே முடிந்தாக வேண்டும். கட்டடம் எழும்பிய பின் போர் வண்டி உள்ளே நுழைய வழியில்லை.