மனச்சோர்வின் தீவிரம் எவ்வாறு அளவிடப்படுகிறது? ஒன்பதாவது கேள்வி ஏன் முக்கியம்?

நாடு முழுவதும் வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்கள் 30 வயதைக் கடந்தோரிடம் நிரப்பும் படிவத்தில் புகையிலைப் பழக்கம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றுடன் மனநலம் குறித்த இரண்டு கேள்விகளும் உள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமின்றி இருந்தீர்களா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்திருந்தீர்களா என்பவையே அவை.

இவ்விரண்டும் 'பி.எச்.க்யூ-9' என்ற அளவுகோலின் முதல் இரு கேள்விகளாகும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட இதில் தூக்கம், களைப்பு, பசி, கவனம் உள்ளிட்டவை குறித்து மொத்தம் 9 கேள்விகள் உள்ளன. 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0. 'கிட்டத்தட்ட தினமும்' என்பதற்கு 3. கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் லேசான மனச்சோர்வு, 10 எனில் மிதமானது, 15 எனில் ஓரளவு கடுமையானது, 20 முதல் 27 வரை கடுமையானது எனக் கொள்ளப்படுகிறது.

எனினும், கூட்டுத்தொகை மட்டும் போதாது. இறந்துவிடலாம் என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் எழுந்ததா என்று கேட்கிறது ஒன்பதாவது கேள்வி. ஒருவரின் மொத்த மதிப்பெண் வெறும் 6 ஆக இருக்கலாம், அதாவது, 'லேசானது'. ஆனால் அந்த ஆறில் ஒன்று இக்கேள்விக்கு உரியதென்றால், மருத்துவர் அவரிடம் உடனடியாக விரிவாகப் பேசியாக வேண்டும். கூட்டலை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது ஆபத்தானது.

நோயாளியே பதிலளிக்கும் முறைக்கு மாறாக, மருத்துவர் நேர்காணல் நடத்தி மதிப்பெண் இடும் அளவுகோலை மேக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வெளியிட்டார். 17 கூறுகள் கொண்ட அது, மருந்து ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது. மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் சிகிச்சைக்குப் பலன் கிடைத்தது என்றும், 7 அல்லது அதற்குக் கீழ் சென்றால் நோய் தணிந்தது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இதிலும் ஒரு குறை உண்டு. தூக்கத்துக்கு மட்டும் மூன்று கூறுகள், 6 மதிப்பெண்கள். உறக்கம் தரும் மருந்து ஒன்று, துயரம் சற்றும் குறையாத நிலையிலும் மதிப்பெண்ணைக் கணிசமாகக் குறைத்துக் காட்டிவிடக்கூடும்.

ரத்தசோகை, தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் களைப்பு, மந்தநிலை இருக்கும் என்பதால் அதிக மதிப்பெண்ணே நோயை உறுதிப்படுத்திவிடாது. ஏற்கெனவே மனச்சோர்வு கண்டறியப்பட்டவர்களுக்கே தமது அளவுகோல் உரியது என்று ஹாமில்டனும் வரையறுத்திருந்தார். மறுபுறம், இந்தியாவில் பலர் மனவருத்தத்தைச் சொல்லாமல் உடல்வலி, அசதி என்றே மருத்துவரிடம் வருகின்றனர். எனவே, கேள்விகளை வாசித்துக் காட்டுபவர் பொறுமையுடன் விளக்கிக் கேட்பதைப் பொறுத்தே பதிலும் அமைகிறது.

இணையத்தில் கிடைக்கும் இப்படிவங்களைத் தாமாகவே நிரப்பி மருந்து வாங்குவதோ, நிறுத்துவதோ கூடாது. மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி-மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தொடர்புகொள்ளலாம். தமிழிலும் பேசலாம்.