லாரிக்குப் போகும் சோப்பு

இந்தோனேசியாவின் பெட்ரோல் பங்க்குகளில் 2025 ஜனவரி முதல் விற்கும் டீசலில் நூற்றுக்கு நாற்பது பங்கு பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல். பி40 என்று அதற்குப் பெயர். அந்த ஓராண்டுக்கு மட்டும் அந்நாட்டு அரசு ஒதுக்கியது 1,560 கோடி லிட்டர்; எடைக்கணக்கில் 130 லட்சம் டன்னுக்கு மேல். பாமாயில் இறக்குமதியில் முன்னணியில் இருக்கும் இந்தியா, சமையலுக்கும் பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் சேர்த்து ஆண்டுக்கு வாங்குவதே 75 முதல் 100 லட்சம் டன்தான். நாம் பொரித்தது, தின்றது, தேய்த்துக் குளித்தது அத்தனையையும் கூட்டினாலும் அந்த ஊர் லாரிகள் குடிப்பதைத் தொடாது.

குளியலறையில் இருக்கும் சோப்புக்கட்டியின் விலை ஏன் ஏறுகிறது, விலை ஏறாத மாதத்தில் கட்டி ஏன் இளைக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனால், கடைசியில் இந்த லாரிகளுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் தரக் குளியல் சோப்பில் குறைந்தது 76 சதவீதம் கொழுப்புப் பொருள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி. உறையின் பின்பக்கம் ‘டிஎஃப்எம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது அதைத்தான். மிச்சம் இருப்பது ஈரம், சோடா, துளி உப்பு, வாசனை, நிறம், வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு. விளம்பரத்தில் பாலும் பாதாமும் ரோஜாவும் வழியலாம். விலைப் பட்டியலில் சோப்பு என்பது கொழுப்பு வியாபாரம்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கொழுப்பில் பெரும்பங்கு வெளிநாட்டு மாட்டுக்கொழுப்பு. வனஸ்பதியில் அது கலக்கப்பட்டதாக 1983ல் எழுந்த புயலுக்குப் பிறகு இறக்குமதி நிறுத்தப்பட்டது. சோப்பு ஆலைகள் தாவர எண்ணெய்ப் பக்கம் முழுதாகத் திரும்பின. பாமாயிலைச் சுத்திகரித்துச் சமையல் எண்ணெயைப் பிரிக்கும்போது அடியில் தங்கும் கெட்டியான ஸ்டியரினும், சுத்திகரிப்பில் ஆவியாகி வெளியே வரும் கொழுப்பு அமிலமும் சமையலறைக்கு வேண்டாதவை. வேண்டாததை மலிவாக வாங்கி வாசனை சேர்த்து விற்றதுதான் கடந்த நாற்பது ஆண்டு சோப்புத் தொழிலின் சூட்சுமம். அந்த வேண்டாத பொருளுக்கு இப்போது வேறு ஆள் வந்துவிட்டார்.

தொழிலில் ‘எண்பதுக்கு இருபது’ என்றால் எல்லோருக்கும் புரியும். எண்பது பங்கு பாமாயில் வகை, இருபது பங்கு தேங்காய் எண்ணெய் அல்லது பாம் கர்னல் எண்ணெய். எண்பது கட்டிக்கு உறுதி தருகிறது. இருபது நுரை தருகிறது. அந்த இருபதைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது போர்வெல் தண்ணீரில் குளிக்கிற நம்மூர்க்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும்: தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாக வருமே தவிர நுரை வராது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு கடல்நீரிலேயே நுரைக்கும் என்பதால் கப்பல்களுக்கென்று தனியாக அதைச் செய்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. எண்பதுக்கு இருபது கலவையில் ஒரு கிலோ கொழுப்பைச் சோப்பாக்க ஏறக்குறைய 150 கிராம் காஸ்டிக் சோடா போதும். காஸ்டிக் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் செலவு ஒன்றரை ரூபாய் கூடும். பாமாயில் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் 8 ரூபாய் கூடும். பாம் கர்னல் 50 ரூபாய் ஏறினால், அது இருபதே பங்கு என்றாலும், 10 ரூபாய். சோப்பு முதலாளிகள் காலையில் எழுந்ததும் எந்த விலையைப் பார்ப்பார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

உலகப் பாமாயிலில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்தோனேசியா, மலேசியா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. 2018, 2019ல் மலேசியச் சந்தையில் டன் 2,000 ரிங்கிட் சுற்றி விற்ற எண்ணெய், உக்ரைன் போர் தொடங்கிய மறுமாதமான 2022 மார்ச்சில் 7,000ஐத் தாண்டியது. உள்ளூரில் சமையல் எண்ணெய் விலை எகிறியதும் இந்தோனேசியா அந்த ஏப்ரல் 28 அன்று ஏற்றுமதியையே நிறுத்தியது. தொட்டிகள் நிரம்பி வழிய, மே 23ல் திறந்துவிட்டது. சில மாதங்களில் விலை பாதியாகியது. அந்த வீழ்ச்சியைப் பார்த்தவர்கள் பழைய 2,000 ரிங்கிட் காலம் திரும்பும் என்று காத்திருந்தார்கள். திரும்பவில்லை. 2024 இறுதியில் மறுபடி 5,000ஐத் தொட்டது.

ஏன் திரும்பவில்லை? விலை இறங்கும்போதெல்லாம் டீசல் ஏந்திக்கொள்கிறது. 2020ல் 30 சதவீதக் கலப்பு, 2023ல் 35, 2025ல் 40. அடுத்து 50க்குப் போகும் எண்ணத்தை ஜகார்த்தா மறைத்ததே இல்லை. பயோடீசல் சாதாரண டீசலைவிட விலை கூடும்போது வித்தியாசத்தைக் கொடுக்கும் பணம் பாமாயில் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து வருகிறது. 2025 மே மாதம் அந்தத் தீர்வை 7.5லிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. நம்மூர்ச் சோப்பு ஆலை தனக்குப் போட்டியாக எண்ணெய் வாங்கும் லாரிக்காரருக்குத் தானே பணம் கட்டுகிறது என்று அர்த்தம். இதைவிட நேர்த்தியான வியாபார ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

விளைச்சல் பக்கமும் நெகிழ்வு இல்லை. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் இந்த எண்ணெய்ப்பனை மரம் 25 வயதை நெருங்கும்போது காய்ப்பும் குறைகிறது, குலை வெட்டவும் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. வெட்டிவிட்டுக் கன்று வைத்தால் மூன்று ஆண்டு வருமானம் இல்லை. விலை நன்றாக இருக்கும்போது மரத்தை வெட்ட எந்தச் சிறு தோட்டக்காரருக்கு மனம் வரும்? மறுநடவு தள்ளிக்கொண்டே போகிறது. இந்தோனேசியாவில் புதுக் காட்டை அழிக்கும் வழி பெருமளவு அடைபட்டுவிட்டது. கூடவே, சட்டத்துக்குப் புறம்பாக வனநிலத்தில் இருப்பதாகச் சொல்லி 2025ல் லட்சக்கணக்கான ஹெக்டேர் தோட்டங்களை அரசு கையகப்படுத்தி, அக்ரினாஸ் பால்மா நுசந்தாரா என்ற அரசு நிறுவனத்திடம் கொடுத்தது. புது நிர்வாகத்தில் உரம் நேரத்துக்குப் போடப்படுமா, மகசூல் நிற்குமா என்பது இன்னும் சில பருவங்களில் தெரியும்.

கொழுப்பு அமிலத்தில் இன்னொரு தலைவலி. அது ‘கழிவு’, ‘எச்சம்’ என்ற பட்டியலில் வந்தால் ஐரோப்பாவில் பசுமை எரிபொருளாக மதிப்புக் கூடுகிறது. பாமாயிலைவிட எப்போதும் மலிவாகக் கிடைத்த கொழுப்பு அமிலம், சில காலங்களில் பாமாயிலையே எட்டிப்பிடிக்கிறது. இன்னொரு புறம், பயோடீசல் ஆலைகளும் சோப்பு ஆலைகளைப் போலவே கிளிசரினைத் துணைப்பொருளாகத் தள்ளுகின்றன. நூறு கிலோ கொழுப்புக்குப் பத்து கிலோ. சந்தையில் அது பெருகப் பெருக, சோப்பு ஆலைக்குக் கிளிசரின் விற்று வந்த கைக்காசும் கரைகிறது. டீசல் ஒரே நேரத்தில் இரண்டு பைகளிலும் கைவைக்கிறது.

இனி அந்த இருபது பங்கு. 2025ல் சோப்பு உலகை உண்மையில் உலுக்கியது இதுதான். 2023-24 எல் நினோ வறட்சி பிலிப்பைன்ஸ் தென்னையை அடித்தது. தென்னை உடனே அழுதுவிடும் மரம் இல்லை. பாளைக்குள் பட்ட காயம் காயாக வெளியே தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். 2024 அக்டோபரில் அந்த நாடு தன் டீசலில் தேங்காய் பயோடீசல் கலப்பை 2லிருந்து 3 சதவீதமாக்கியது. சரியாக வரத்து சரிந்த நேரம். 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் உலகச் சந்தையில் டன் 2,500 டாலரைத் தாண்டிப் போனது, பாமாயில் 1,000 டாலர் அளவில் இருந்தபோது. 4 சதவீதத்துக்குப் போகும் திட்டத்தை மணிலா ஒத்திப்போட்டது. விலை டீசலை விரட்டிய அபூர்வமான நிகழ்ச்சி அது.

அந்த மாதங்களில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. காங்கேயம் களங்களில் கொப்பரைக்குக் கிடைத்த விலை விவசாயி கனவிலும் காணாதது. 2025க்கு மத்திய அரசு அறிவித்த அரவைக் கொப்பரையின் ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய்தான், சந்தை அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் நின்றது. கொண்டாட முடிந்தவர்கள் காய் வைத்திருந்தவர்கள் மட்டும். பொள்ளாச்சிப் பக்கம் 2016லிருந்து வெள்ளை ஈயும், அதன் பின் கேரள வேர்வாடல் நோயும் மரங்களைத் தின்ற பிறகு, பலரிடம் விலை இருந்தது, காய் இல்லை. வீட்டிலிருந்தே முழுத் தேங்காய் எண்ணெயில் சோப்பு காய்ச்சி விற்கும் பெண்கள் அடுப்பை அணைத்த ஆண்டும் அதுதான். பெரிய நிறுவனத்துக்குத் தேங்காய் எண்ணெயிலிருந்து பாம் கர்னலுக்குத் தாவ வழி உண்டு. ‘சுத்தத் தேங்காய் எண்ணெய்’ என்று அச்சடித்த உறைக்கு அந்த வழி கிடையாது.

மற்ற சரக்குகளில் கவலைப்பட அதிகம் இல்லை. காஸ்டிக் சோடாவை உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கிறார்கள். ஒரு டன்னுக்கு இரண்டாயிரம் யூனிட்டுக்கு மேல் தின்னும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் மேட்டூரிலும் நடப்பது அதுதான். கூடவே வரும் குளோரினை யார் வாங்குவார்கள் என்பதே அந்தத் தொழிலின் நிரந்தரச் சிக்கல். குளோரின் தேங்கினால் அதைக் கொண்டுபோகச் சொல்லிக் காசு கொடுக்கும் நிலைகூட வரும், அந்த நட்டம் காஸ்டிக் விலையில் ஏறும். ஆனாலும் நாட்டில் உற்பத்தித் திறன் தாராளமாக இருக்கிறது. சோடா ஆஷ் இன்னும் தாராளம். சீனாவின் உள் மங்கோலியாவில் இயற்கைச் சோடா சுரங்கம் திறந்தபின் உலகமே அதில் மிதக்கிறது. துணி சோப்புக்காரர்கள் ஸ்லரி என்று சொல்லும் சலவைப் பொருளுக்கு வேண்டிய லேப் என்ற மூலப்பொருள், சென்னை மணலியில் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. கச்சா எண்ணெய் இறங்கினால் அதுவும் இறங்கும். கச்சா எண்ணெய் இறங்கினால் பயோடீசலுக்கு மானியம் கொடுப்பது ஜகார்த்தாவுக்குக் கசக்கும், பாமாயிலும் தளரும். சோப்புத் தொழிலுக்கு நல்ல காலம் என்று ஒன்று வந்தால் அந்த வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

உள்நாட்டில் அரசின் கையும் உண்டு. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்களின் அடிப்படைச் சுங்கம் 20 சதவீதமாக ஏறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிந்துஸ்தான் யூனிலீவர், விப்ரோ போன்றவர்கள் சோப்பு விலையை ஏழெட்டு சதவீதம் ஏற்றினார்கள். 2025 மே இறுதியில் சுங்கம் 10 ஆனது. செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5. வாங்குபவருக்கு நல்லது. வாசனைக் கலவைக்கும் காஸ்டிக்குக்கும் 18 சதவீதம் கட்டி, விற்கும்போது 5 வாங்கும் சிறு உற்பத்தியாளருக்கு, வித்தியாசம் திரும்பி வரும்வரை முதல் முடங்கும். எண்ணெய்ப்பனைக்கு 2021ல் 11,040 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது நல்ல காரியம். ஆந்திரமும் தெலங்கானாவும் நட்டுக்கொண்டிருக்கின்றன. இறக்குமதியின் அளவுக்கு முன்னால் அது இன்னும் சிறிது.

விலையை ஏற்ற முடியாதபோது நிறுவனங்களிடம் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று எடை: பத்து ரூபாய்க் கட்டி பத்து ரூபாயாகவே இருக்கும், கிராம் மட்டும் கழியும். இன்னொன்று டிஎஃப்எம். முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. ‘பேதிங் பார்’ என்று எழுதிவிட்டால் 40 போதும். (பேதிங் பார் எல்லாமே மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலுக்கு மென்மையான, சோப்பே அல்லாத விலையுயர்ந்த கட்டிகளும் அந்தப் பெயரில்தான் வருகின்றன.) பெயரும் உறையும் மாறாமல், ‘டாய்லெட் சோப்’ என்ற சொல் மட்டும் ஒருநாள் காணாமல் போனால், கொழுப்பு விலை எங்கோ ஏறியிருக்கிறது என்று பொருள்.

அடுத்த ஓரிரு ஆண்டுக்கு என் கணக்கு இது. பாமாயில் ஏறி இறங்கும், ஆனால் 2019ன் தரைக்குப் போகாது. மழை ஒழுங்காக இருந்தால் தேங்காயும் பாம் கர்னலும் உச்சியிலிருந்து இறங்கியபடி இருக்கும். இன்னோர் எல் நினோ உருவானால் மறுபடி ஓராண்டு தள்ளி அடி விழும், அதற்குள் வாங்கிவைக்க நேரம் இருக்கும். காஸ்டிக் தொல்லை தராது. மலேசியாவிலிருந்து சோப்பு நூடுல்ஸை மூட்டையாக இறக்கி, வாசனை கலந்து, ப்ளாடர் இயந்திரத்தில் தள்ளிக் கட்டி வெட்டும் சிறு ஆலைக்காரர் மாதம் பத்தாம் தேதி வாக்கில் வரும் மலேசிய பாமாயில் வாரியத்தின் இருப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சரக்கை ஒரே நாளில் வாங்காமல் மூன்று தவணையாக வாங்கினால் பிழைத்துக்கொள்வார். தீபாவளிக்குத் துணியும் சோப்பும் சேர்த்து ஆர்டர் எடுக்கும் மொத்த வியாபாரிகள் இப்போதே விலையைப் பேசி முடிக்கச் சொல்வார்கள். பி50 தேதி தெரியும்வரை ஆலைக்காரர் வாய் திறக்காமல் இருப்பது உத்தமம்.