ஊர் சுற்றி வந்த கோட்டை

ஸ்பெயினில் செவில் நகரத்து அல்காசர் அரண்மனையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 'அல்காசர்' எந்த மொழிச் சொல், சொல்லுங்கள் பார்ப்போம்? அரபு என்பீர்கள். பாதி சரி! ரோமானியப் படைவீரர்கள் தங்கள் பாசறையை லத்தீனில் 'காஸ்ட்ரும்' என்றார்கள். அது கிரேக்கர் வாயில் புகுந்து, கிழக்கே போய், அரபியில் 'கஸ்ர்' ஆனது. கோட்டை என்றாலும் கஸ்ர்தான், அரண்மனை என்றாலும் கஸ்ர்தான். பிறகு முன்னால் ஓர் 'அல்' ஒட்டிக்கொண்டு, அரபு ஆட்சியோடு ஸ்பெயினில் வந்து இறங்கியது. அங்கே பார்த்தால், ஊரைவிட்டே நகராத அதன் உடன்பிறப்பு ஒன்று 'காஸ்ட்ரோ' என்ற பெயரில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது! ஆமாம், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ பெயரில் இருக்கிறதே, அதே காஸ்ட்ரோதான்.