புதிய காமிரா வரும் வரையில்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் செலவுப் பட்டியலில் முன்பெல்லாம் நூல், சாயம், அச்சு, விழுது முதலியவையே இடம் பெற்றிருந்தன. இப்பொழுது அவற்றோடு காமிராவும் சேர்ந்துவிட்டது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சேலை வாங்குபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புகிறார். புதுச்சேரியிலிருந்து ஒரு காலத்தில் 'கினே' என்னும் நீலத்துணி கப்பலேறிச் சென்று, ஆப்பிரிக்காவின் செனகால் ஆற்றங்கரைப் பிசின் வியாபாரத்தில் நாணயம் போலவே செலாவணியாகி வந்தது. அங்கே துணியைக் கையால் தடவியும் மூக்கால் முகர்ந்தும் தரம் கண்டு வாங்கினார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்று வாங்குபவருக்குத் தடவவும் முகரவும் வழியில்லை. படம் ஒன்றே சாட்சி. அச்சாட்சி பொய் சொன்னால் சேலை திரும்பி வருகிறது. தபால் செலவு சங்கத்தின் தலையில் விழுகிறது.

புதுச்சேரி நகரில் நான் அங்கத்தினனாக உள்ள சங்கத்தின் நிர்வாகக் குழு, தொழில்முறைக் காமிரா ஒன்றுக்கு முன்பணம் கட்டியது. ஆறு வாரத்தில் வரும் என்றார்கள். நான்கு மாதங்கள் ஆகியும் வரவில்லை. தீபாவளி விற்பனை நெருங்குகிறது. புதிய காமிரா வந்த பிறகே படம் எடுக்க வேண்டும் என்று குழுவில் ஒரு சாரார் கூறினர். முன்பணத்தைத் திரும்பப் பெற்று வேறு காமிரா வாங்க வேண்டும் என்று மற்றொரு சாரார் கூறினர். பழைய காமிராவில் உண்மையில் என்ன குறை என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அறிந்துகொண்டவை மற்றச் சங்கத்தாருக்கும் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

தாமதத்துக்குக் கடைக்காரரை மட்டும் நோவது நியாயமாகாது. உயர்ரகக் காமிராக்கள் உலகில் மிகச் சில இடங்களிலேயே தயாராகின்றன. 2011 மார்ச் 11இல் ஜப்பானில் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தில் நிக்கான் கம்பெனியின் செண்டாய் தொழிற்சாலை சேதமுற்றது. அதே ஆண்டு அக்டோபரில் தாய்லாந்து நாட்டு வெள்ளத்தில் அக் கம்பெனியின் அயுத்தயா தொழிற்சாலையும், சோனி கம்பெனியின் தொழிற்சாலையும் நீரில் மூழ்கின. 2012 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி4 காமிரா, பிப்ரவரியில் வரவேண்டியது மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று. 2016 ஏப்ரலில் குமமோத்தோ பூகம்பம் வந்தது. அங்கேதான் சோனியின் சென்ஸார் தொழிற்சாலை இருக்கிறது. அதன் தகடுகளை நம்பியிருந்த மற்றக் கம்பெனிகளும் சேர்ந்தே தவித்தன. பின்னர் உலகெங்கும் மின்னணுச் சில்லுப் பஞ்சம் வந்தபோது, 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நிக்கான் இசட்9 காமிராவுக்குப் பதிவு செய்தவர்கள் பல மாதங்கள் காத்திருந்தார்கள்.

இவையெல்லாம் தாமதமாகவேனும் வந்து சேர்ந்தவை. வராமலே போனதும் உண்டு. 2016 பிப்ரவரியில் நிக்கான் அறிவித்த 'டிஎல்' என்னும் சிறு காமிரா வரிசை அவ்வாண்டு ஜூனில் வருவதாக இருந்தது, தள்ளிப்போயிற்று, மறுபடியும் தள்ளிப்போயிற்று. 2017 பிப்ரவரியில் அதை விற்கப் போவதில்லை என்று கம்பெனியே அறிவித்துவிட்டது. ஓராண்டு காத்திருந்தவர்களின் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே, முன்பணம் கட்டும் சங்கம், இன்ன தேதிக்குள் வராவிட்டால் பணம் முழுவதும் திரும்பும் என்று எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். எங்கள் ரசீதில் அப்படி ஒரு வரியும் இல்லை. முன்பணம் அங்கத்தினர்களின் பங்குத்தொகையிலிருந்து போனது என்பதை நினைத்தால், அது குழுவின் தவறு என்றே சொல்ல வேண்டும். அக்குழுவில் நானும் ஒருவன்.

காத்திருக்கும் காலத்தில் படம் எடுக்காமல் இருப்பதும் ஒரு நஷ்டமே. நம் ஊரிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், 1956 முதற்கொண்டு தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்துச் சேர்த்து வந்தார்கள். அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்றைய கைப்பேசியின் வசதிகூட அக்காலக் காமிராக்களுக்குக் கிடையாது. ஆயினும் அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடப்பட்டு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தபோது, அது நம் கோயில் விக்கிரகமே என்று காட்டுவதற்கு இந்நிறுவனத்தின் படம் உதவியது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். மேலான காமிரா வரட்டும் என்று அன்று அவர்கள் பொறுத்திருந்தால் அந்தப் படம் இருந்திராது. நம் தறியிலிருந்து இறங்கும் சேலையும் அப்படித்தான். விற்றுப்போன பிறகு அதன் உடலும் கரையும் முந்தியும் எப்படி அமைந்திருந்தன என்று நெய்தவருக்கே மறந்துபோகிறது.

இனி, பழைய காமிராவின் குறைகளுக்கு வருவோம். திரும்பி வந்த பார்சல்களில் வாங்கியவர்கள் எழுதியனுப்பிய காரணங்களைப் பிரித்துப் பார்த்தேன். படம் மங்கலாக இருக்கிறது, நிறம் வேறாக இருக்கிறது, துணியில் இல்லாத அலைகள் படத்தில் தெரிகின்றன என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிட்டன.

மங்கலின் காரணம் உடனே தெரிந்தது. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில், தோல்பையில் மூடிவைத்த லென்ஸுக்கு இது வந்தே தீரும். சுத்தம் செய்யக் கொடுத்தோம். இப்போது, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்திருக்கிறோம். இக்குறைக்கும் காமிராவின் வயதுக்கும் சம்பந்தமில்லை. புதிய காமிராவில் பூஞ்சை பிடித்த பழைய லென்ஸைப் பொருத்தினாலும் படம் மங்கலாகத்தான் இருந்திருக்கும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சமே. எங்கள் பண்டகசாலையில் ஒரு பக்கம் ஜன்னல், மேலே மின்விளக்கு. இரண்டு வெளிச்சமும் கலந்து விழும்போது எது வெள்ளை என்று காமிரா தடுமாறுகிறது. விளக்கை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத தாழ்வாரத்தில், சேலையின் அருகே சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து முதல் படம் எடுத்து, அதைக்கொண்டு மற்றப் படங்களின் நிறத்தைத் திருத்தினோம். அரக்கும் பச்சையும் சரியாக வந்தன. ஊதாவும் சில ராணிச் சிவப்புகளும் இன்னமும் ஏமாற்றுகின்றன. கைப்பேசித் திரையால் காட்ட இயலாத நிறங்கள் உண்டு. அவற்றுக்கு நிறத்தைச் சொல்லாலும் எழுதிவிடுவதே நேர்மை. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமான மயில்கழுத்துச் சேலைக்கு ஒரு படம் போதாது. சாய்த்து ஒன்று, நேரே ஒன்று என இரண்டு போட வேண்டும். சரிகை பளிச்சென்று எரியாமலிருக்க, வெளிச்சத்துக்கும் சேலைக்கும் நடுவே மெல்லிய மல் துணியைக் கட்டினால் போதும்.

மூன்றாவது குறைதான் நெசவாளர்கள் நன்றாக அறிந்துகொள்ள வேண்டியது. கொசுவலையை இரண்டாக மடித்துப் பிடித்தால், வலையில் இல்லாத அலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன அல்லவா? இரண்டு நுண்ணிய வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது உண்டாகும் தோற்றம் அது. பிரெஞ்சு மொழியில் நீரலை பட்டுக்கு வழங்கும் பெயரை ஒட்டி, இதை 'மோயரே' என்கிறார்கள். காமிராவின் சென்ஸார் தகடும் ஒரு வலையே. அதில் லட்சக்கணக்கான புள்ளிகள் குறுக்கும் நெடுக்கும் அணிவகுத்துள்ளன. நம் துணியின் இழைவரிசை அப்புள்ளி வரிசையின் மேல் விழும்போது கொசுவலையின் கதை நடக்கிறது. மேலும், கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, அப்புள்ளிகளில் பாதி பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் மட்டுமே பார்க்கின்றன. ஆகவே கறுப்பு வெள்ளைக் கட்டத்தின் மேல்கூட வானவில் நிறம் படர்கிறது.

கணக்கைப் பாருங்கள். சேலையின் அகலம் முழுவதும் தெரிய, இருபுறமும் சிறிது இடம்விட்டு 60 அங்குலம் படத்தில் அடங்குகிறது. எங்கள் பழைய காமிராவில் நீளவாக்கில் 6,000 புள்ளிகள். அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகள். துணியிலோ அங்குலத்துக்கு 80 இழை. இழையும் இடைவெளியும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது இரண்டு புள்ளியாவது இருந்தாலன்றிக் காமிரா அதைச் சரியாகப் படிக்க இயலாது. அதாவது 160 வேண்டும், இருப்பது 100. அலை வராமல் என்ன செய்யும்?

நாங்கள் முன்பணம் கட்டிய காமிராவில் 8,256 புள்ளிகள். அதே 60 அங்குலத்துக்கு வகுத்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 137. அதுவும் 160ஐ எட்டவில்லை! நான்கு லட்சத்துக்கு மேல் செலவிட்டும் அந்த அலைகள் நம்மை விட்டிருக்கப் போவதில்லை. இக்கணக்கைக் குழுவில் எழுதிக் காட்டியபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பழைய காமிராவையே கிட்டே கொண்டுபோய் 20 அங்குலத்தை மட்டும் எடுத்தால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கிடைக்கின்றன. அலை மறைகிறது, நூலின் முறுக்குக்கூடத் தெரிகிறது. முழுச் சேலைக்குச் சற்றுத் தள்ளி நின்று ஒன்று, உடலுக்கும் கரைக்கும் முந்திக்கும் கிட்டே ஒவ்வொன்று என்று எடுப்பதே வழி. முழுப் படத்தில் அலை வந்தால், தூரத்தையோ கோணத்தையோ சிறிது மாற்றினால் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

இவ்விஷயத்தில் விலை உயர்ந்த காமிரா சில சமயம் அதிகத் தொல்லையும் தரும். 2012இல் நிக்கான் கம்பெனி டி800, டி800இ என்று இரண்டை வெளியிட்டது. முதலாவதில், நுண்வரிசைகளைச் சிறிது மழுக்கி அலையைக் குறைக்கும் தடுப்பு இருந்தது. இரண்டாவதில் அதன் வேலை நீக்கப்பட்டிருந்தது. மலையும் மரமும் எடுப்பவர்களுக்கு இரண்டாவது உகந்தது; துணி எடுப்பவர்களுக்கு முதலாவதே பத்திரமானது. இன்றைய உயர்ரகக் காமிராக்கள் பலவற்றில் அத்தடுப்பு இல்லை. கடையில் இதைத் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாம்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் புதிய காமிராவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சரிகையின் ஒளியும் கரும்பட்டின் நிழலும் ஒரே படத்தில் கெடாமல் வருவதற்குப் பெரிய, புதிய சென்ஸார் மிகவும் உதவுகிறது. பொருட்காட்சிக்குச் சுவரளவு படம் அச்சிடுவதானால் கூடுதல் புள்ளிகள் வேண்டும். தறியின் ஓட்டத்தைச் சலனப்படமாக எடுக்கவும் புதியதே ஏற்றது. பழைய காமிராவின் மூடி தேய்ந்து, உதிரிப்பாகம் கிடைக்காமற் போனாலும் மாற்ற வேண்டியதுதான். தொழில்முறைக் காமிரா மூடிகள் 2 லட்சம், 4 லட்சம் தடவை என்று சோதிக்கப்படுகின்றன. நம் காமிரா எத்தனை தடவை மூடித் திறந்தது என்பதைப் படக்கோப்பிலிருந்தே பெரும்பாலும் அறியலாம்.

ஆனால் செலவு காமிராவின் விலையோடு நிற்பதில்லை. நிக்கானின் பழைய லென்ஸ் பொருத்து 1959 முதல் இருந்து வந்தது. 2018இல் புதிய காமிராக்களுக்கு வேறு பொருத்து வந்துவிட்டது. கானன் கம்பெனியும் அதே 2018இல் தன் பொருத்தை மாற்றியது. பழைய லென்ஸைப் பயன்படுத்த இணைப்பு வளையம் வாங்க வேண்டும். நினைவட்டை வேறு, பெரிய படங்களைத் தாங்கும் கணினியும் சேமிப்புப் பெட்டியும் வேறு. குழித்தறிக்கு ஜக்கார்டு பெட்டி வாங்கியவர்கள், பிறகு கூரையையும் உயர்த்த நேர்ந்ததை மறந்திருக்க மாட்டார்கள். கிணற்றில் ஊற்று இல்லாதபோது பெரிய பம்பு வாங்கிய விவசாயியின் கதையும் இதுவே. பயிரிடும் அங்கத்தினர்கள் எங்களுக்கு இதைச் சொல்லிக்காட்டத் தவறவில்லை.

விலைக்கு வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. புதுச்சேரியில் திருமணப் படம் எடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். முகூர்த்தமில்லாத நாளில் காமிராவோடு ஆளும் கிடைப்பார். ஒரே சேலையை, ஒரே வெளிச்சத்தில், இரண்டு காமிராவிலும் எடுத்து, வாங்குபவர் பார்க்கும் கைப்பேசி அளவுக்குச் சிறிதாக்கி, எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் குழுவுக்குக் காட்டினோம். சரிகை முந்தி ஒன்றில் மட்டும் எல்லோரும் புதியதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். சாதாரணப் பருத்திச் சேலைகளில் அபிப்பிராயம் பலவாறாகப் பிரிந்தது. எங்கள் சங்கத்தில் பட்டு குறைவு, பருத்தியே மிகுதி.

நிர்வாகக் குழு இப்பொழுது கடைக்காரருக்கு ஒரு மாதத் தவணை வைத்துக் கடிதம் எழுதியிருக்கிறது. அதற்குள் காமிரா வந்தால், பட்டுக்கும் பொருட்காட்சிக்கும் அது வேண்டுமா என்று அன்றைய கணக்கைப் பார்த்து முடிவு செய்வது. வராவிட்டால் முன்பணத்தைத் திரும்பப் பெறுவது. தீபாவளிச் சேலைகளுக்குப் பழைய காமிராவிலேயே படம் எடுக்கிறார்கள். காலை ஒன்பது மணி முதல் பதினொன்று வரை, பின்கட்டுத் தாழ்வாரத்தில். சாம்பல் அட்டையைக் காரியதரிசி தம் மேஜையில் வைத்துப் பூட்டுகிறார். காமிராவின் மூடி இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்ற எண்ணும் சாமான் பேரேட்டில் ஏறியிருக்கிறது.