எல்லா இடத்திலும் மரம் நடலாமா?

ஈவிஎஸ் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியா அடிக்கடி வரும் ஒன்று: சூழல் மண்டலம் என்றால் என்ன? உயிருள்ளவை, உயிரற்றவை, இரண்டுக்கும் இடையிலான தொடர்பு என்று மூன்று வரி எழுதினால் மார்க் வந்துவிடும். எக்ஸாம் முடிஞ்ச மறுநாள் மறந்தும் போய்விடும். ஆனா கடைசியா வர்ற அந்த "தொடர்பு"ங்கிற வார்த்தையிலதான் மொத்த விஷயமும் இருக்கு. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகுன்னு புத்தகத்தில் வரும் அதே படத்தை வைத்து அதை விளக்கப் போறதில்லை. ஊட்டிக்கு டூர் போகாத பேட்ச் எந்தக் காலேஜிலும் இருக்காது. அதனால நீலகிரியை எடுத்துக்கலாம்.

'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லை 1935-இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர். செடி, விலங்கு ஒரு பக்கம், மண், தட்பவெப்பம் இன்னொரு பக்கம்னு பிரிச்சுப் படிச்சா இயற்கை புரியாது, எல்லாம் சேர்ந்து ஒரே சிஸ்டம் என்பது அவர் வாதம். அந்த 'சிஸ்டம்' என்ற வார்த்தையை இயற்பியலில் சொல்கிற அர்த்தத்திலேயே அவர் பயன்படுத்தினார். இன்புட், அவுட்புட், ஃபீட்பேக் என்று நாலு வருஷமா படிக்கிற நமக்கு இது ரொம்பப் பக்கத்தில் இருக்கிற சப்ஜெக்ட்தான்.

இப்போ மலைக்கு வருவோம். ஊட்டி டவுனைத் தாண்டி அவலாஞ்சி, முக்கூர்த்தி பக்கம் போனால் நிலத்தின் அமைப்பே வேற மாதிரி இருக்கும். மலை முகடுகளிலும் சரிவுகளிலும் வெறும் புல். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் கறுப்புப் பச்சையில் அடர்த்தியான குட்டைக் காடு. காட்டுக்கும் புல்லுக்கும் நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு எல்லை. அந்தக் காட்டுக்குப் பெயர் சோலை. உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'ஷோலா' என்று எழுதுவது நம்ம சோலையைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேலே இந்த ஜோடியைப் பார்க்கலாம். பழனி மலை, ஆனைமலையிலும் உண்டு.

மேலோட்டமா பார்த்தா "இங்கே யாரோ காட்டை வெட்டிட்டாங்க போல, மீதி இடத்தில் புல் முளைச்சிருக்கு"ன்னுதான் தோணும். பிரிட்டிஷ்காரர்களில் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள். வருவாய்க் கணக்கில் மரம் இல்லாத நிலம் என்றால் தரிசு. அந்தப் பார்வை சுதந்திரத்துக்குப் பிறகும் பெருசா மாறலை.

உண்மை என்னன்னு சொன்னது சேறு. நீலகிரியின் தாழ்வான ஈர நிலங்களில் ஆயிரக்கணக்கான வருஷமா மக்காத தாவர மிச்சங்கள் படிந்து 'பீட்' என்ற கரிமண் அடுக்குகள் உருவாகியிருக்கின்றன. குளிரும் ஈரமும் சேர்ந்தா பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் மெதுவாத்தான் வேலை செய்யும். அதனால மட்குவது தாமதமாகி கார்பன் மண்ணிலேயே தங்கிவிடும். வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் 'சி4' வகை, சோலை மரங்கள் 'சி3' வகை. இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு என்பதால், அவற்றின் உடம்பில் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதமும் வேறு. அடுக்கு அடுக்கா அந்த விகிதத்தை அளந்தால் எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் மரம் அதிகம் என்று சொல்லிவிடலாம். ஆர். சுகுமார் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள் 1993-இல் 'நேச்சர்' இதழில் இதைத்தான் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டு வரலாறு. அதில் புல்லும் காடும் பருவநிலைக்கு ஏற்ப மாறி மாறி ஏறி இறங்கியிருக்கின்றன. கோடாலி வருவதற்கு ரொம்ப முன்னாடியே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது.

சரி, பக்கத்திலேயே சோலை இருக்கே, அதன் விதை விழுந்து புல்வெளி முழுக்க ஏன் காடாகலை? முக்கியமான காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். தரை தன் வெப்பத்தை நேரா வானத்துக்கு விட்டுவிடும். சோலைக்குள் கிளைகளின் கூரை அந்த வெப்பத்தைத் தடுத்து வைத்துக்கொள்ளும். அதனால் சோலை மரத்தின் கன்று சோலைக்குள் பிழைக்கும், பத்து மீட்டர் தள்ளிப் புல்லுக்கு நடுவில் முளைத்தால் பனியில் கருகிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே கருகினாலும் அடியில் உயிர் இருக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். உயிரற்ற காரணி என்று நாம் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போவோமே, அது இப்படித்தான் கோடு போடுகிறது.

அடுத்தது ஆற்றல். 1942-இல் வெளியான ரேமண்ட் லிண்டெமனின் கட்டுரைதான் உணவுச் சங்கிலியை ஆற்றல் கணக்காக மாற்றியது. (26 வயதிலேயே, கட்டுரை வெளிவரும் முன்பே அவர் இறந்துவிட்டார் என்பதைப் படிச்சப்போ கஷ்டமா இருந்தது.) ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தோராயமா பத்து சதவீதம்தான் போகும் என்று நாம் படிக்கும் விதி அந்த வழியில் வந்ததுதான். இது துல்லியமான விதி இல்லை, இடத்துக்கு இடம் மாறும். ஆனா எஃபிஷியன்சி இவ்வளவு குறைவு என்றால் என்ன அர்த்தம் என்று யோசிங்க. புலிக்கு ஒரு கிலோ உடம்பு சேர, அது தின்னும் வரையாடு, மான் எல்லாம் சேர்ந்து பத்து கிலோ வேண்டும். அதுக்குப் புல் நூறு கிலோ. வரையாடு நம் மாநில விலங்கு. அது மேய்வது இந்த உயரமான புல்வெளிகளில், ஒளிவது பக்கத்துப் பாறைச் சரிவுகளில். சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்கா உருவானதே அதைக் காப்பாற்றத்தான். நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவைக்கும் இந்தப் புல்வெளியை விட்டால் உலகத்தில் வேறு வீடு கிடையாது. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், அவர்கள் கோயிலுக்குக் கூரை வேயப் புல் எடுத்ததும் இங்கேதான். தரிசுன்னு சொன்ன இடத்தோட பயனாளிகள் பட்டியல் இது.

இனி தண்ணீர். ஈஈஈ மக்களுக்கு பைக்காரா, குந்தா பெயர்கள் தெரிந்திருக்கும். பைக்காரா ஆறு முக்கூர்த்தி பக்கம் பிறந்து, கீழே மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. அந்த நீரை நம்பித்தான் ஈரோடு பக்கத்து வாய்க்கால்கள் ஓடுகின்றன. புல்வெளி மண் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். நம்ம பாஷையில், கெப்பாசிட்டர். வறண்ட மாதங்களில் புல் காய்ந்து நிற்கும், தண்ணீர்ச் செலவும் குறைந்துவிடும்.

இந்தச் சிஸ்டத்துக்குள்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் வாட்டிலும் வந்தன. முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிட வாட்டில் பட்டை, காகிதத்துக்கும் ரேயானுக்கும் மரக்கூழ் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தேவை இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் வனத்துறையே பெரிய அளவில் நட்டது. உதகையில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் ஒரு அழகான சோதனை செய்தது. அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகள். ஒன்றை அப்படியே விட்டார்கள், இன்னொன்றில் பாதிக்கும் மேல் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து வருடச் சுழற்சியில் மரம் நட்ட பக்கம் ஆண்டு நீர்வரத்து சராசரியா 16 சதவீதம் குறைந்தது. ஆழமா வேர் விட்டு, வருஷம் முழுக்க இலையோடு நிற்கும் மரம், புல் தொடாத தண்ணீரையும் எடுத்துவிடுகிறது.

வாட்டில் இன்னும் மோசம், ஏன்னா அது நட்ட இடத்தில் நிற்காது. சோலைக் கன்றைக் கொல்லும் பனி அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. வேரில் உள்ள பாக்டீரியா மூலம் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணையே தனக்கு வசதியா மாற்றிக்கொள்கிறது. நிழல் விழுந்ததும் புல் சாகும், புல் போன இடத்தில் அடுத்த வாட்டில் முளைக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் கிளாஸில் பாசிட்டிவ் ஃபீட்பேக் என்று வரைவோமே, அந்த லூப் அப்படியே மலை மேலே ஓடிக்கிட்டிருக்கு. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வந்த ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. போன இடம் பெரும்பாலும் மரத் தோட்டமும் விவசாயமும். மேலிருந்து பார்த்தால் பச்சை குறையவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

அப்போ எல்லாத்தையும் வெட்டிடலாமே? நீதிமன்றம், வனத்துறை, ஆராய்ச்சியாளர்கள் என்று எல்லோரும் இப்போது மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு தூங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டால், அல்லது தீ பட்டால், அத்தனையும் ஒரே நேரத்தில் முளைக்கும். அதனால வெட்டிய பிறகு வருஷா வருஷம் போய்க் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும், உள்ளூர்ப் புல்லை நாற்று விட்டு நட வேண்டும். பட்ஜெட் ஒரு வருஷத்தோடு நின்றால் வேலை முழுக்க வீண். இன்னொரு பக்கம், சில பழைய வாட்டில் தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக வளர ஆரம்பித்திருக்கின்றன. பனியிலிருந்து காக்கும் கூரை அங்கே கிடைத்துவிட்டதே! அங்கே வெட்டினால் வருகிற சோலையும் போகும். அதனால் புல்வெளிக்குள் புதுசா நுழையும் சின்ன வாட்டிலை உடனே எடு, கன்று வளரும் பழைய தோட்டத்தைத் தொடாதே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எது எங்கே என்பதை ஒவ்வொரு சரிவிலும் நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.