இல்லாத காலில் வலி

சர்க்கரை நோயின் காரணமாகக் கால் எடுக்கப்பட்ட பெரியவர் நள்ளிரவில் விழித்து, "கட்டைவிரல் எரிகிறதே" என்று புலம்புவார். அங்கே விரலும் இல்லை, காலும் இல்லை. வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவர். ராயக்கோட்டை, ஓசூர் வட்டாரத்தில் இயந்திரங்களோடு பிழைப்பவர்களும் கையிழந்தால் இதே பேச்சைக் கேட்க நேரிடும். உண்மையில் புத்தி தடுமாறவில்லை. அந்த வலி மெய்யானது.

கடோபநிடதம் உடலைத் தேர் என்றும், புலன்களைக் குதிரைகள் என்றும், மனத்தைக் கடிவாளம் என்றும், புத்தியைத் தேரோட்டி என்றும் கூறுகிறது. ஒரு குதிரை போய்விட்டது. தேரோட்டியோ அதன் கடிவாளத்தை இன்னும் விடவில்லை. ஏறத்தாழ இதுவே இங்கு நிகழ்கிறது.

இதை விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் பேராசிரியராக விளங்கிய வி.எஸ். ராமச்சந்திரன், அரசியல் சட்டத்தை வரைந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். கையிழந்த இளைஞர் ஒருவரின் கன்னத்தை அவர் பஞ்சினால் வருடினார். இல்லாத விரல்களைத் தொடுவதாக அந்த இளைஞர் உணர்ந்தார்! மூளையில் உடல் முழுமைக்கும் ஒரு வரைபடம் உண்டு. அதில் கைக்கு அண்டை வீடு முகம். கையின் இடம் காலியாகவே, முகத்தின் செய்தி அங்கே குடியேறிவிடுகிறது.

1797-இல் வலக்கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன், இல்லாத கையை உணர்வதே ஆன்மா உண்டு என்பதற்குச் சான்று என்றாராம். ஆன்மாவுக்கு இத்தகைய சான்று தேவையில்லை எனினும், அவர் வியந்ததில் தவறில்லை.

சிலருக்கு அந்த மாயக்கை இறுக மூடிய முஷ்டியாகவே நின்று வருத்தும். ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியச் செய்தார். நல்ல கையை விரித்தபோது மாயக்கையும் விரிந்தது, வேதனை தணிந்தது. கண் சொன்னதை மூளை நம்பிவிட்டது.

எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. ஆயினும், காலிழந்தவர்களிடம் வாஷிங்டன் ராணுவ மருத்துவமனையில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், கண்ணாடிப் பயிற்சி பெற்ற அறுவருக்கும் நான்கு வாரங்களில் வலி குறைந்தது. இரு கால்களுக்கு நடுவே நெடிய நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தி, நல்ல காலை மெல்ல அசைத்தவாறு பிம்பத்தைப் பார்த்திருப்பதே பயிற்சி. முறையை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால், பிறகு பேரப்பிள்ளையே கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளலாம்.